பீப்பாய் தேர்ந்தெடுத்தவர்கள்

என்னை அந்த வட்டத்தில் சேர்த்துக்கொண்டது குடிப்பதற்காக அல்ல, எழுதுவதற்காக. மெல்பர்னின் தென்கிழக்குப் பகுதியில் தமிழ் ஆண்கள் சிலர் மாதம் ஒரு சனிக்கிழமை பிற்பகல் கூடி விஸ்கி ருசி பார்த்தார்கள். பார்த்த ருசியை வாட்ஸ்அப் குழுவில் எழுதிப் போட ஓர் ஆள் வேண்டியிருந்தது. நான் சென்னையில் ஒரு நாளிதழின் செய்திப் பிரிவில் நீண்ட காலம் மற்றவர்கள் எழுதியதை வெட்டிக்கொண்டிருந்தவன். அது வட்டத்தின் தலைவருக்கு யாரோ சொல்லித் தெரிந்திருந்தது. கோயில் அன்னதான வரிசையில் பின்னாலிருந்து தோளைத் தட்டி, "சார், நீங்க கண்டிப்பா வரணும். நாங்க குடிக்கிற தரத்துக்கு ஒரு தமிழ் வேணும்," என்றார். கையில் சாம்பார் சாதத் தட்டோடு அதற்கு என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் சரி என்றேன்.

தலைவர் என்று நான் எழுதினாலும் அங்கே எல்லோருக்கும் அவர் அண்ணன். மாணவராக வந்து, பெட்ரோல் நிலையத்தில் இரவு வேலை பார்த்து, பிறகு சொந்தமாக ஒரு சிறிய ஐடி நிறுவனம் தொடங்கியவர். இந்த வரலாற்றை அவரே சொல்வார். ஒவ்வொரு முறை சொல்லும்போதும் பெட்ரோல் நிலையத்தில் நின்ற காலம் கொஞ்சம் நீளும், படிப்புக்கு அப்பா அனுப்பிய பணம் கொஞ்சம் குறையும்.

முன்பு அவர் ஸ்காட்ச்காரர். ஸ்காட்ச் எல்லோர் வீட்டு அலமாரிக்கும் வந்து சேர்ந்த பிறகு அது அவருக்குக் கசந்துவிட்டது. ஒரு தடவை அமெரிக்கா போனபோது கென்டக்கியில் ஒரு வடிசாலையைச் சுற்றிப் பார்த்தார். சுற்றுலாப் பேருந்தில் போய், கும்பலோடு நின்று, வாசலில் தொப்பி வாங்கிக்கொண்டு வந்த பயணம்தான். ஆனால் திரும்பி வந்த பிறகு அவர் பேச்சில் அது ஏதோ குருகுலவாசம் போல ஆகிவிட்டது. "பேரல் பேசும்யா," என்பார். "நாமதான் கேக்கணும்."

பர்பன் என்பது அமெரிக்க விஸ்கி. பாதிக்கு மேல் சோளம். உட்புறத்தை நெருப்பில் கரித்த புதிய ஓக் மரப் பீப்பாயில் வருடக்கணக்கில் கிடந்து நிறமும் இனிப்பும் ஏறுவது. வழக்கமாகப் பல பீப்பாய்களைக் கலந்து, எப்போதும் ஒரே ருசி வரும்படி செய்து புட்டியில் அடைப்பார்கள். கலக்காமல் ஒரே ஒரு பீப்பாயிலிருந்து அடைத்தால் அது சிங்கிள் பேரல். கிடங்கின் மேல்தளத்தில் வெக்கை வாங்கிய பீப்பாய்க்கு ஒரு ருசி, கீழ்த்தளத்தில் குளிர்ந்து கிடந்ததற்கு வேறு ருசி. கடைக்காரர்கள் சிலர் மாதிரிகளை வரவழைத்துப் பார்த்து, இந்தப் பீப்பாய் எனக்கு என்று மொத்தமாக எடுத்து, புட்டியின் கழுத்தில் தங்கள் கடைப் பெயரை ஒட்டி விற்பார்கள். இதில் மாயம் எதுவும் இல்லை. சேலத்தில் மாம்பழம் வாங்குகிறவர் கூடைக்குக் கூடை மோந்து பார்ப்பதும் இதுவும் ஒன்றுதான். மாம்பழம் வாங்குகிறவர் மட்டும் அதைப் பற்றிச் சொற்பொழிவு ஆற்றுவதில்லை.

கூட்டம் நடப்பது அண்ணனின் கார் கொட்டகையில். கார் எப்போதும் வெளியே மழையில் நிற்கும். உள்ளே நீளமான மரமேசை, தாழ்ந்த விளக்குகள், ஏசி, சுவரில் ஒரு பீப்பாயின் மூடி. துலிப் பூ மாதிரி வாய் குறுகிய சின்னக் கண்ணாடிக் குவளைகள். வட்டத்துக்கு ஒரு சட்டம் இருந்தது: ருசி பார்த்து முடிக்கும்வரை சைட் டிஷ் கிடையாது. வாழ்நாளில் ஒரு முறைகூட வறுவல் இல்லாமல் குடித்தறியாத மனிதர்கள், மட்டன் சுக்கா வாசனை வீட்டிலிருந்து மிதந்து வர, குவளைக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டு வனிலாவைத் தேடினார்கள். கழிப்பறைக்குப் போவதாகச் சொல்லிச் சமையலறைக்குப் போய் ஒரு கை மிக்சர் போட்டுக்கொண்டு வருவார்கள். மூக்கு அவ்வளவு கூர்மையான அண்ணனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர் வாயிலிருந்து வந்த பெருங்காய வாசனை ஒரு நாளும் எட்டியதில்லை.

இன்னொரு சட்டமும் இருந்தது. அதை யாரும் சொன்னதில்லை. அண்ணன் வாய் திறக்கும்வரை யார் நாக்கிலும் ருசி வராது. எல்லோரும் குவளையைச் சுழற்றுவார்கள், கண்ணை மூடுவார்கள், "ம்ம்" என்பார்கள். அந்த 'ம்ம்' எந்தப் பக்கமும் சாயாத 'ம்ம்'. அண்ணன் கடைசியில், "பழைய லெதர்," என்பார். உடனே வட்டத்தில் இருந்த பல் மருத்துவர், மதுரைக்காரர், "ஆமாண்ணே! அப்படியே ஷூ கடைக்குள்ள நுழைஞ்ச மாதிரி," என்பார். அவர் சொன்னால் அதற்கு ஒரு மருத்துவ கனம் உண்டு. "வாய் என் டிபார்ட்மென்ட்" என்று அடிக்கடி சொல்லிக்கொள்வார். அண்ணன் "புகையிலை" என்றால் எல்லோருக்கும் புகையிலை. ஒரு தடவை அண்ணன், "பழைய லைப்ரரி," என்றார். அந்த மேசையைச் சுற்றி இருந்தவர்களில் யாரும் எந்த நூலகத்திலும் உறுப்பினர் இல்லை. ஆனாலும் ஏழு தலைகள் ஆடின. அவற்றில் ஒன்று என்னுடையது. நான் குறிப்பெடுத்துக்கொண்டிருந்ததால் ஆடியது என்று சொல்லிக்கொள்ளலாம்.

குவளைகளில் ஊற்றுவது ஒருவரின் வேலை. அவர் அண்ணனின் நிறுவனத்தில் மென்பொருள் சோதனை செய்பவர். இங்கே அவரைச் சோதனையாளர் என்றே எழுதுகிறேன். சென்னையில் ஒரு பெரிய நிறுவனத்தில் பதினைந்து பேருக்கு மேலாளராக இருந்தவர். இங்கே தற்காலிக விசாவில் மனைவியையும் மகளையும் அழைத்துக்கொண்டு வந்து, நோபல் பார்க்கில் ரயில் பாதையை ஒட்டிய ஒரு சின்ன யூனிட்டில் வாடகைக்கு இருந்தார். குடியில் அவருக்கு எந்த ஈடுபாடும் இல்லை. எப்போதாவது ஒரு பியர். பிறகு ஏன் மாதாமாதம் வந்து குவளை கழுவினார் என்பது மேசையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். அவருக்கு வயது நாற்பத்து நான்கு. நிரந்தரக் குடியிருப்புக்கு, அதாவது எல்லோரும் பிஆர் என்று சொல்வதற்கு, நாற்பத்தைந்து பிறப்பதற்குள் விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு முதலாளி அவர் பெயரை முன்மொழிய வேண்டும். முதலாளி அண்ணன். பிறந்தநாள் அந்தக் குளிர்காலத்தின் நடுவில் வந்தது. அதற்குள் அண்ணன் மனம் வைத்தால் மகள் இங்கேயே பள்ளியை முடிப்பாள். இல்லாவிட்டால் விசா முடிந்ததும் மூன்று பேரும் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான்.

அண்ணன் வாக்கும் கொடுத்திருந்தார். நகருக்கு வெளியே த பேசின் என்ற ஊரில் இருக்கும் பிள்ளையார் கோயிலுக்குப் போயிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, வண்டி நிறுத்துமிடத்தில், நாலைந்து பேர் கேட்க, "உங்க பேப்பரை நான் போடறேன். கவலையை விடுங்க. பிள்ளையார் சாட்சி," என்றார். சோதனையாளர் அந்த இடத்திலேயே கைகூப்பினார். பிள்ளையாருக்கா அண்ணனுக்கா என்று அவர் நின்ற திசையை வைத்துச் சொல்ல முடியவில்லை.

இலையுதிர்காலத்தில் அண்ணனுக்கு ஒரு யோசனை வந்தது. வட்டம் தனக்கென்று ஒரு பீப்பாயைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஸ்பிரிங்வேலில் யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் சிறிய மதுக்கடை வைத்திருந்தார். அறுபதை நெருங்குகிறவர். அவர் இறக்குமதியாளரிடம் பேசி மாதிரிகள் வாங்கி வருவதாகவும், வட்டம் தேர்ந்தெடுத்த பீப்பாயைக் கடை எடுப்பதாகவும், புட்டிகளில் பெரும்பகுதியை வட்டத்துக்காரர்களே வாங்கிக்கொள்வதாகவும் ஏற்பாடு. கழுத்தில் ஒட்டும் சீட்டில் அண்ணனின் மூக்கின் சித்திரம் போடலாம் என்று பல் மருத்துவர் சொன்னார். கேலியாகச் சொல்லவில்லை.

அந்தச் சனிக்கிழமை கடைக்காரர் நான்கு சின்னப் புட்டிகளோடு வந்தார். ஒவ்வொன்றிலும் ஓர் எண் மட்டும். பேரலை அவர் பரல் என்பார்.

"அண்ணை, ஒரு விசயம்," என்றார். "இதில மூண்டுதான் பரல். நாலாவது என்ரை கடைத் தட்டில கிடக்கிற சாதாரணம், அதே கொம்பனியின்ரை. எது எண்டு நான் சொல்லமாட்டன். சாமான் குடுக்கிறவன் அப்பிடித்தான் செய்யச் சொன்னவன். கடையில கிடக்கிறதை விடத் திறமா இல்லாட்டி ஏன் பரல் எடுப்பான் எண்டு."

அது நியாயமான ஏற்பாடு. அண்ணன் சிரித்தார். "அதைக் கண்டுபிடிக்க மூக்கே தேவையில்லைங்க. ஜலதோஷம் பிடிச்சவனே சொல்லிடுவான்." மேசை முழுக்கச் சிரித்தது.

சோதனையாளர் ஊற்றத் தொடங்கினார். ஓர் ஆளுக்கு நான்கு குவளை. ஒவ்வொரு குவளையின் அடியிலும் முந்தின நாளே வண்ணப்பொட்டு ஒட்டி வைத்திருந்தார். ஒன்றுக்குச் சிவப்பு, இரண்டுக்கு நீலம், மூன்றுக்குப் பச்சை, நான்குக்கு மஞ்சள். முதலில் ஒன்றாம் எண் புட்டியை எடுத்து எல்லோருக்கும் ஊற்றினார், மூடினார், தள்ளி வைத்தார். பிறகு இரண்டாம் எண். கடைக்காரர் அவர் முழங்கைக்குப் பக்கத்திலேயே நின்றார். நான் எதிரில் உட்கார்ந்திருந்தேன். மேசையில் அந்த நாள் முழுவதும் ஒழுங்காக நடந்த ஒரே வேலை அதுதான்.

குடித்தோம். நியாயமாகச் சொல்ல வேண்டும்: நல்ல சரக்கு. மூன்றாவது குவளையை நான் மறக்கவில்லை. முதலில் மூக்கில் சுரீரென்றது. இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டதும் அடங்கி, அடுப்பில் சுட்ட சோளக்கதிர், கொப்பரை, கடைசியில் கிராம்பு கடித்தாற்போல ஒரு காரம். விழுங்கிய பிறகும் நெடுநேரம் நெஞ்சில் கதகதவென்று இருந்தது. அதே நேரம் நான்கில் எது சாதாரணம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஒன்றா இரண்டா என்று சந்தேகம். சந்தேகம் என்றே எழுதிக்கொண்டேன். ருசி தெரியாமல் இருப்பதில் அவமானம் எதுவும் இல்லை. பாதி உலகத்துக்குத் தெரியாது. மீதிப் பாதிக்கு அது தெரியாது என்பது தெரியாது.

அண்ணன் நெடுநேரம் எடுத்துக்கொண்டார். பக்கத்து வீட்டில் யாரோ இலை ஊதும் இயந்திரத்தை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் அதை நிறுத்தச் சொல்லலாமா என்று யோசிப்பதுபோல ஒரு முறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு நீலப்பொட்டுக் குவளையை, அதாவது இரண்டாம் எண்ணை, மேசையின் நடுவில் வைத்தார்.

"இதுதான்," என்றார். "மத்ததெல்லாம் பேசுது. இது பாடுது."

"பாடுதுண்ணே," என்றார் பல் மருத்துவர். "நானும் அதையேதான் நினைச்சேன். சொல்லலை."

அடுத்து அண்ணன் மூன்றாவது குவளையை விரலால் தள்ளினார். "இது கடைச் சரக்கு. கழுவி ஊத்துங்க. வெறும் எரிச்சல்."

ஒவ்வொருவராக ஒப்புக்கொண்டார்கள். இரண்டில் தேன் இருந்தது, அத்திப்பழம் இருந்தது, ஒருவருக்குக் கருப்பட்டிகூட இருந்தது. மூன்றில் ஸ்பிரிட் அடித்தது. சோதனையாளரும், "இரண்டு சூப்பர்ண்ணே," என்றார். அவர் தன் குவளைகளைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. வண்டி ஓட்ட வேண்டியிருந்தது அவருக்கு. மூன்று பேரை வீட்டில் விடுவதாக ஏற்றுக்கொண்டிருந்தார்.

கடைக்காரர் தொண்டையைச் செருமினார். "அண்ணை, குறை நினைக்கக் கூடாது."

"சொல்லுங்க."

"ரெண்டுதான் சாதாரணம்."

"என்ன சாதாரணம்?"

"கடையில கிடக்கிறது. நீங்கள் பாடுது எண்டது." சிறிது நிறுத்தி, "மூண்டு நல்ல பரல் அண்ணை. மேல்தட்டுப் பரல். சாமான் குடுக்கிறவன் அதைத்தான் திறம் எண்டவன்," என்றார்.

யாரோ ஒருவர் சிரிக்கத் தொடங்கி, இடம் தவறிவிட்டது தெரிந்து இருமலாக மாற்றிக்கொண்டார். அண்ணன் கடைக்காரரைப் பார்க்கவில்லை. குவளைகளைப் பார்த்தார்.

"யாரு ஊத்தினது?"

யார் ஊற்றியது என்று அவருக்குத் தெரியும். இரண்டு வருடமாக ஒரே ஆள்தான் ஊற்றுகிறார். ஆனாலும் எல்லோரும் திரும்பி, இப்போதுதான் அவரைக் கண்டுபிடித்ததுபோலப் பார்த்தார்கள்.

"கிளாஸ் மாறியிருக்கும்ணே," என்றார் பல் மருத்துவர். "ரெண்டும் மூணும் மாறியிருக்கும். அதான். அண்ணன் சொன்னது கரெக்ட். நம்பர்தான் தப்பு."

கடைக்காரர், "இல்லை, நான் பக்கத்திலயே நிண்டனான். அவர் சரியாத்தான் வார்த்தவர்," என்றார்.

"நீங்க எல்லாத்தையும் பார்த்துக்கிட்டா இருந்தீங்க?" அண்ணனின் குரலில் கோபம் இல்லை. கடைக்காரரின் பீப்பாயை வாங்கப் போகிறவரின் குரல் அது.

கடைக்காரர் தன் நான்கு புட்டிகளையும் ஒரு முறை பார்த்தார். "ஓம், முழுக்கவும் எண்டு இல்லை," என்றார். "எனக்கும் வடிவாத் தெரியேல்லை."

நான், "புட்டியில பாதி அப்படியே இருக்கு. இந்தத் தடவை கடைக்காரரே ஊத்தட்டும். இன்னொரு தடவை பார்த்துடலாமே," என்றேன். செய்தி சந்தேகமாக இருந்தால் மறுபடி ஒரு தொலைபேசி போட்டுக் கேட்பது எங்கள் தொழிலில் வழக்கம். அதில் யாரும் மானக்கேடு பார்ப்பதில்லை.

"சார், நாக்குங்கிறது வீணை மாதிரி," என்றார் அண்ணன். "ஒரு தடவை தளர்ந்துட்டா மறுபடி சுருதி கூட்டணும். இன்னிக்கு முடியாது."

"மெடிக்கலாவே அப்படித்தான் சார்," என்றார் பல் மருத்துவர். "ரிசெப்டர்ஸ் டயர்டாயிடும்."

"அப்ப அடுத்த வாரம் பார்க்கலாம்," என்றேன்.

ரெண்டும் மூணும் மாறியிருந்தால் எல்லோர் குவளையிலும் மாறியிருக்க வேண்டும். ஒவ்வொரு புட்டியாக எடுத்து, எல்லோருக்கும் ஊற்றி, மூடி வைத்த மனிதர் அதைச் செய்திருக்க வேண்டுமானால் புட்டியில் பெரிதாக எழுதியிருந்த எண்ணை இரண்டு தடவை தவறாகப் படித்திருக்க வேண்டும். மேசையில் நான்கு பொறியாளர்கள் இருந்தார்கள். இந்தக் கணக்கு அவர்களுக்குத் தெரியாமல் இல்லை.

அண்ணன் சோதனையாளரிடம் மிகவும் மென்மையாகக் கேட்டார். "மாத்தி வச்சிட்டீங்களா? சும்மா சொல்லுங்க. தப்பில்லை."

சோதனையாளர் கடைக்காரரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தக் கொட்டகையில் அப்போது எல்லோருக்கும் எது கேட்கப்படுகிறது என்று தெரியும். குவளையைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அண்ணனின் மூக்கைத் திருப்பிக் கொடுக்க முடியுமா என்று கேட்டார்கள். அதைக் கொடுக்கக்கூடியவர் அங்கே ஒருவர்தான் இருந்தார். அவருக்கு வேண்டியதைக் கொடுக்கக்கூடியவரும் ஒருவர்தான்.

"ஆமாண்ணே," என்றார். "மாத்தி வச்சிட்டேன் போல. ஸாரிண்ணே."

கொட்டகையே மூச்சு விட்டது. "அதான பார்த்தேன்!" என்று ஒருவர். "அண்ணன் மூக்கு பொய் சொல்லுமா?" என்று இன்னொருவர். அண்ணன் எழுந்து வந்து சோதனையாளர் தோளில் கை வைத்து, "பரவாயில்லை. மனுஷன்தானே," என்று எல்லோருக்கும் கேட்கும்படி மன்னித்தார். பிறகு மட்டன் சுக்கா வந்தது. இனி வனிலாவைப் பற்றி யாரும் பேச வேண்டியிருக்கவில்லை. அவ்வளவு நிம்மதியோடு அவர்கள் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை.

கிளம்பும்போது சோதனையாளர் என் காரருகே வந்தார். வீட்டில் விட வேண்டிய மூன்று பேரும் அவர் வண்டியில் ஏறிவிட்டிருந்தார்கள். அவர் முகம் மலர்ந்திருந்தது.

"ஏன் அப்படிச் சொன்னீங்க?" என்றேன்.

"சார், நாலு பேர் முன்னாடி அவரை விட்டுக்கொடுக்க முடியுமா? ஊர்ல என் மேனேஜருக்கு இப்படித்தான் ஒரு தடவை பண்ணினேன். அடுத்த அப்ரைசல்லயே எனக்குப் ப்ரமோஷன். பெரியவங்க இதெல்லாம் மறக்க மாட்டாங்க சார்."

மறக்க மாட்டார்கள் என்பது சரிதான். என் பழைய அலுவலகத்தில் ஒரு தலைமை ஆசிரியர் உயிரோடு இருந்த ஒரு பெரிய மனிதருக்கு இரங்கல் எழுதிவிட்டார். தவறான பக்கத்தை அச்சுக்கு அனுப்பியது தான்தான் என்று ஓர் உதவி ஆசிரியர் தானாகப் பழியை ஏற்றுக்கொண்டார். அன்று ஆசிரியர் அவருக்கு மதியச் சாப்பாடு வாங்கித் தந்தார். ஆள் குறைப்பு வந்தபோது முதல் பெயர் அவருடையது. ஒருவன் நமக்காகப் பொய் சொன்னான் என்றால், நாம் எப்படிப்பட்டவர் என்பதற்கு அவன் சாட்சி. அப்படிப்பட்ட சாட்சியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு யாரால் நிம்மதியாகக் குடிக்க முடியும்? இதை அவரிடம் சொன்னேன். இவ்வளவு நீளமாக இல்லை. "அவர் மறக்க மாட்டார், அதுதான் ஆபத்து," என்றேன். அவர் அதை வேடிக்கைப் பேச்சாக எடுத்துக்கொண்டு சிரித்தார்.

சில வாரங்கள் கழித்து, கடையில் ஒரு மாலை எல்லோரும் கூடினார்கள். எந்தப் பீப்பாய் என்று முடிவாகச் சொல்ல வேண்டியிருந்தது. இரண்டை வாங்க முடியாது, அது ஏற்கெனவே தட்டில் வரிசையாக நின்றுகொண்டிருந்தது. அண்ணன் மூன்றாம் எண்ணைத் தேர்ந்தெடுத்தார். மாறிப்போன குவளையில் தான் பாராட்டியது உண்மையில் மூன்றாம் எண்தான் என்பது இதற்குள் வட்டத்தின் அதிகாரபூர்வ வரலாறு ஆகிவிட்டிருந்தது. கழுவி ஊற்றச் சொன்னதை இப்போது முன்னூறு சொற்களில் பாட வேண்டும் என்று என்னிடம் கேட்டார். தேனும் அத்திப்பழமும் மறக்காமல் வர வேண்டுமாம். எனக்கு நேரம் இல்லை என்றேன். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பல் மருத்துவரே எழுதினார்.

அங்கேதான், தட்டுகளுக்கு இடையில் நின்றுகொண்டு, அண்ணன் சோதனையாளரின் பேச்சை எடுத்தார். அவர் வந்திருக்கவில்லை, அன்று அழைக்கப்படவில்லை.

"அந்தப் பேப்பரை நான் போடலை," என்றார். "மனசு கேக்கலைதான். ஆனா நீங்களே சொல்லுங்க. நாலு கிளாஸை நம்பர்ப்படி வைக்கத் தெரியாதவரை, டெஸ்டிங் ஹெட்னு க்ளையன்ட் முன்னாடி எப்படி நிறுத்துறது? நாளைக்கு என் பேருல்ல கெடும்?"

நான் கடைக்காரரைப் பார்த்தேன். அவர் கல்லாவுக்குப் பின்னால் இருந்த நாற்காலியில் உட்கார்ந்து எதையோ துடைத்துக்கொண்டிருந்தார்.

"அவர் மாத்தலை," என்றேன். "நான் எதிர்லதான் இருந்தேன். கடைக்காரரும் பார்த்தார்."

"அவரே ஒத்துக்கிட்டாரே சார்," என்றார் அண்ணன், உண்மையான வியப்போடு. இதில்தான் எனக்கு அவர் மேல் இருந்த கடைசி மரியாதையும் போயிற்று. அவர் நடிக்கவில்லை. அந்தச் சில வாரங்களில் தன் மூக்கைப் பற்றிய அந்தப் பொய்யை அவரே நம்பிவிட்டிருந்தார். பொய் சொல்லுகிறவனிடமாவது உண்மை ஒரு மூலையில் பத்திரமாக இருக்கும். இவரிடம் அதுவும் இல்லை.

"பாவம்தான்," என்றார் பல் மருத்துவர். "ஆனா அண்ணன் சொல்றதுல லாஜிக் இருக்கு."

மறுநாள் மாலை நோபல் பார்க்குக்குப் போனேன். அந்தச் செய்தியைச் சோதனையாளருக்கு அண்ணனே காலையில் சொல்லியிருந்தார், தொலைபேசியில், வாடிக்கையாளர் கூட்டம் ஒன்றுக்கு நடுவே. வீட்டில் அவர் சோபாவின் நுனியில் உட்கார்ந்திருந்தார். மகள் அறைக்குள் இருந்து, "ஹூ இஸ் இட், அப்பா?" என்று ஒரு குரல் கொடுத்துவிட்டு அடங்கினாள். மனைவி திருநெல்வேலிப் பக்கம். தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, போகாமல் எதிரில் உட்கார்ந்தார்.

"சார், நீங்க அங்கதானே இருந்தீங்க. இவங்க மாத்தி வச்சாங்களா?"

"இல்லைம்மா."

"எங்க வீட்டு அஞ்சறைப்பெட்டிக்கே பேர் எழுதி ஒட்டி வச்சிருக்காங்க. நான் கடுகை இடம் மாத்தி வச்சாலே ராத்திரி பூரா மூஞ்சியத் தூக்கி வச்சிருப்பாங்க. இவங்க மாத்துவாங்களா? நான் அப்பவே கேட்டேன். சிரிச்சிட்டுப் போயிட்டாங்க." அவர் கணவரைப் பார்க்காமல் என்னிடமே பேசினார். "சரி, இவங்க மாத்தலைன்னு அந்த அண்ணனுக்குத் தெரியுமா?"

"அன்னிக்குத் தெரிஞ்சுது."

"அங்க இருந்த மத்தவங்களுக்கு?"

"எல்லாருக்கும்."

அவர் தலையை ஆட்டினார். "தெரியாம செஞ்சிருந்தா போய் விளக்கிச் சொல்லலாம். தெரிஞ்சே செஞ்சவங்ககிட்ட என்னத்தச் சொல்ல? ஊருக்குப் போற வழியப் பாக்க வேண்டியதுதான். இவளுக்கு அங்க எந்த ஸ்கூல் கிடைக்கும்னு விசாரிக்கணும்."

"நீ சும்மா இரு," என்றார் சோதனையாளர். அவர் எழுந்து நின்றிருந்தார். "இன்னும் டைம் இருக்கு. அண்ணன் அப்படிப்பட்டவர் இல்ல. வருத்தத்துல இருக்கார், அவ்வளவுதான். நேர்ல போய் ஒரு மன்னிப்புக் கேட்டா சரியாயிடும்."

"எதுக்கு மன்னிப்பு?" என்றார் மனைவி.

"கிளாஸை மாத்தி வச்சதுக்கு."

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கார் சாவியை எடுத்துக்கொண்டு, கண்ணாடி முன் நின்று தலையை ஒரு முறை வாரிக்கொண்டு, கிளம்பிப் போனார்.